பன்னிரண்டாவது உதிரிபாகம்

அக்டோபர் 3

புது நோட்டு. பழையது வண்டி வேலைக் குறிப்புகளாலேயே நிரம்பிவிட்டது. முப்பத்தோரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். திட்டம் எழுதிக்கொள்ளாமல் எதையும் தொடங்க வராது. இந்த நோட்டில் வரப்போவது:

1. வண்டியின் இன்றைய நிலை.
2. இன்னும் கிடைக்காத உதிரிபாகங்கள் (பதினொன்றில் இரண்டு).
3. அவற்றை அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து என் மனைவி சௌந்தரம் தேடி அனுப்புவதும், நானும் மெக்கானிக் நஞ்சப்பனும் பொருத்துவதும்.
4. ஜனவரி 19, கோவைப் பழங்கார் கண்காட்சி.
5. வண்டி முடிந்ததும் சௌந்தரம் திரும்பி வருவது.

ஐந்தாவதில் சந்தேகம் எதுவும் இல்லை. தேதிதான் தெரியாது. எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 4

முதல் புள்ளி. வண்டி: கிராஸ்லி ஃபார்ம்-ஓ-ரோடு. அமெரிக்காவில் 1951-இல் செய்தது. பார்த்தால் ஜீப்புக்குப் பிறந்த குட்டி மாதிரி இருக்கும். எட்டடி நீளம்கூடக் கிடையாது. உழவும் ஓட்டலாம், ஊருக்கும் போகலாம் என்று சின்ன விவசாயிகளுக்காகச் செய்தார்கள். பழனி மலையடிவாரத்தில் இருந்த ஒரு விவசாயப் பள்ளிக்கு அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தாராம். பள்ளியை மூடியபோது கோழிக்கூண்டாகக் கிடந்ததை நான் வாங்கினேன். இருவர் உட்காரலாம்.

எஞ்சின் ஓடுகிறது. பிரேக் பிடிக்கிறது. நிறம், சுரண்டியபோது அடியில் கிடைத்த முதல் பூச்சின் நிறமே. இதையெல்லாம் சரியாகச் செய்தேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. நஞ்சப்பனுக்குக் கிடையாது.

அக்டோபர் 9

பார்சல். பத்தாவது பாகம்: பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி. கீறல் இல்லை. உடையாமல் இருக்கப் பழைய சேலைத் துண்டில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தாள். அரக்குக் கரை போட்ட சேலை. வங்கி மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டியது.

நஞ்சப்பன் அந்தத் துணியை எடுத்துப் பானெட்டைத் துடைக்கப் போனார்.

"அது வேண்டாம், வைங்க."

"துணிதானுங்களே சார்?"

"பருத்தி இல்லை அது. பெயிண்டில் கீறல் விழும்."

அவர் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாங்க சார், கீறல் விழுமுங்க" என்று மடித்துக் கையில் கொடுத்தார். அது பருத்திதான்.

அக்டோபர் 15

சௌந்தரம் கூப்பிட்டாள். மாலை ஏழு மணி, அங்கே காலை. ஆறு வருடமாக இதுதான் நேரம். மகள் சுமித்ராவின் பிரசவத்துக்கென்று ஆறு மாதத்துக்குப் போனாள். பிறகு நோய்க்காலம். பிறகு பையனுக்கு மழலையர் பள்ளி. பிறகு என் உதிரிபாகப் பட்டியல்.

"கண்ணாடி வந்துச்சுங்களா?"

"வந்தது. மில்லிமீட்டர் பிசகில்லை."

"அப்புறம்?"

"இனி தகடு ஒன்றுதான். வண்டி எண் பொறித்தது. டாஷ்போர்டில் வலப்பக்கம் நாலு ஆணி."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஆணியின் அளவைச் சொன்னேன். கடைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தாளாம். யார் கூட்டிப்போனது என்றேன். "நானேதான்" என்றாள். அங்கே பேருந்து வசதி நன்றாக இருக்கிறது போலும்.

அக்டோபர் 22

டாஷ்போர்டின் அடித்தகட்டில் துரு. துருவை மின்சாரத்தால் நீக்க, பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச்சோடாக் கரைசல். தகட்டுக்கு எதிர்மின், பழைய கம்பிக்கு நேர்மின். ஒன்பது மணி நேரம். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. வேறு வேலை இல்லாததால் உட்கார்ந்து பார்த்தேன்.

அக்டோபர் 31

தீபாவளி. நஞ்சப்பன் வீட்டிலிருந்து முறுக்கும் ஒரு தூக்கு நிறைய குழம்பும் வந்தன. அவர் மனைவி கொடுத்தனுப்பினாராம்: "சார் கண்டிப்பா ரசம் மட்டும் வெச்சுட்டு உக்காந்திருப்பாரு." ரசம் மட்டும்தான் வைத்திருந்தேன்.

வீடியோவில் எல்லோரும் வந்தார்கள். பேரன் ஆங்கிலத்தில் ஏதோ காட்டினான். சௌந்தரம் இளைத்திருக்கிறாள். நன்றாகவும் இருக்கிறாள். அவள் கட்டைவிரல் நகத்தோரம் கறுப்பு. மருதாணி அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டதோ என்னவோ. அங்குள்ள பழங்கார் மன்றத்தில் டோரதி என்றொரு பெண்மணி சிநேகமாம். வயது எண்பத்து நாலு. கணவர் விட்டுப்போன குட்டி வண்டிகளுடன் தனியாக இருக்கிறாராம். எனக்கான பாகங்களைத் தேடித் தேடித்தான் இந்தச் சிநேகமே வந்தது என்றாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று எழுத வேண்டும்.

நவம்பர் 12

மழை. வேலை இல்லை. இன்று எழுதுவது திட்டத்தில் இல்லாத விஷயம்.

வண்டியை லாரியிலிருந்து இறக்கிய நாளில் சௌந்தரம் ஊரில்தான் இருந்தாள். கிளம்ப ஒரு மாதம் இருந்தது. கோழி எச்சத்தைக் கழுவிவிட்டதும், வா, உட்கார்ந்து பார் என்று நான்தான் கூப்பிட்டேன். நம் ஊர்க் காரில் மனைவிகள் உட்காரும் இடதுபுறமாக, பழக்கத்தில், ஏறி உட்கார்ந்தாள். அமெரிக்க வண்டிக்கு ஸ்டியரிங் இடதில். சக்கரம் அவள் மடிக்கு நேரே வந்து நின்றது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள்.

"ஏங்க, நானே ஓட்டட்டுமா?"

"இறங்கு இறங்கு. ஸ்பிரிங் இன்னும் பார்க்கலை."

இறங்கிவிட்டாள். ஸ்பிரிங்கில் ஒன்றும் கோளாறு இல்லை, மறுநாள் பார்த்தேன்.

நவம்பர் 20

தகடு வந்தது. பதினொன்றாவது பாகம். நஞ்சப்பன் ஆணியை ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். பிறகு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார்.

"முடிஞ்சுதுங்க சார்."

"முடிந்தது என்று சொல்ல முடியாது. இன்னும்..."

"இன்னும் என்னங்க? சாமி சத்தியமா முடிஞ்சுபோச்சுங்க. அம்மாவுக்குப் போன் போட்டு வரச்சொல்லுங்க. ஜனவரிக்கு அம்மா பக்கத்துல உக்காரணும், நீங்க ஓட்டணும். நா ஓரமா நின்னு விசில் அடிக்கோணும்."

சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள சௌந்தரம், பதினொன்றாவது பாகமும் வந்து சேர்ந்தது' என்று தொடங்கினேன். அடுத்த வரி வரவில்லை. வா என்று எழுதி, வரவில்லை என்று பதில் வந்தால்? ஆறு வருடமாகக் கேட்காத ஒன்றைக் கேட்பதற்கு முறை என்ன? பாதிக் காகிதம் வெறுமையாக இருந்தது. கடைசியில் இப்படி எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன்:

'12. ஹாரன் பொத்தான். கறுப்பு. விட்டம் இணைப்பில்.'

ஏற்கெனவே இருந்த பொத்தான், டப்பாக்களில் எங்காவது கிடக்கலாம். தேட நேரமில்லை.

நவம்பர் 21

பின் சக்கர மூடிகளைப் பளபளப்பாக்கினேன். நாலு மணி நேரம்.

நவம்பர் 23

அவள் பதில்: 'தகடுதான் கடைசின்னு சொன்னீங்க.' அரை மணி கழித்து இன்னொன்று: 'சரி. பாக்கறேன்.'

டிசம்பர் 8

கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. சங்கச் செயலாளர் கிருபாகரன் பல் மருத்துவர். ஏழு கார் வைத்திருக்கிறார். படிவத்தை வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் நிறுத்தினார்.

"சார், கூட வர்றவங்க பேர் காலியா இருக்கே? ஜோடியா அந்தக் கால உடையில வந்தா அஞ்சு மார்க். வீட்டம்மா ஊர்ல இல்லீங்களா?"

"வந்துவிடுவாள்."

"எப்ப?"

"வேலை முடிந்ததும்."

யாருடைய வேலை என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

டிசம்பர் 17

பொத்தான் கிடைத்துவிட்டதாம். மன்றத்துப் பழைய உறுப்பினர் ஒருவரின் வைக்கோல் கொட்டகையில். பனியில் மூன்று மணி நேரப் பயணம்.

"யார் கூட?"

"டோரதியோட. அவ பக்கத்துல உக்காந்து வழி சொன்னா."

ஓட்டுகிறவர் எப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார் என்று விளங்கவில்லை. கேட்கவில்லை. தபாலில் போட்டால் தொலைந்துவிடும், சங்கராந்திக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். அவசரமில்லை என்று சொன்னேன். அது பொய்.

ஜனவரி 5

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை ஏழு மணி. ஷெட்டில் இருந்தோம். சௌந்தரம் வீடியோவில் வந்தாள். நஞ்சப்பன் போனை வாங்கி வண்டியைச் சுற்றிக் காட்டினார். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேள்விகளெல்லாம் வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்விகள். பிறகு தன் உள்ளங்கையைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். அதில் கறுப்பாக ஹாரன் பொத்தான்.

"இதத்தான் உங்க சார் கேட்டாரு. பாத்துக்கோங்க நஞ்சப்பண்ணா, வைக்கோல்ல ஒரு மணி நேரம் தேடுனேன்."

"இதென்னங்கம்மா, இது நம்மகிட்டயே இருக்குதுங்களே!" என்றார் நஞ்சப்பன். பெருமையாக அலமாரிக்குப் போய், 'ஹாரன்' என்று என் கையெழுத்தில் ஒட்டியிருந்த டப்பாவைத் திறந்து எடுத்துக் காட்டினார். "சாரே பேரெழுதி வெச்சதுங்க!"

திரையில் சௌந்தரத்தின் உள்ளங்கை மூடிக்கொண்டது. நஞ்சப்பனுக்கு ஏதோ புரிந்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு, டீ சொல்லிட்டு வரேன் என்று வெளியே போனார். நாங்கள் டீ குடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இருந்துச்சா?" என்றாள்.

"டப்பாவில்... நான் பார்க்கவில்லை."

"பேரெழுதி ஒட்டியிருக்கீங்க."

நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன்.

"ஏங்க, நா ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. நா வரக் கூடாதுன்னு நெனைக்கிறீங்களா?"

"என்ன சொல்கிறாய்?"

"நாலு வருசத்துக்கு முந்தி, விமானம் எல்லாம் திரும்ப ஓட ஆரம்பிச்சப்ப, டிக்கெட் பாத்து வெச்சிருந்தேன். சுமித்ராகிட்டகூடச் சொல்லிட்டேன். அன்னிக்குக் காலைலதான் உங்க மொத லிஸ்ட் வந்துச்சு. பதினோரு ஐட்டம். 'நீ அங்கே இருப்பது நல்லதாகப் போயிற்று'ன்னு மேல எழுதியிருந்தீங்க. மனுசனுக்கு நா வர்றதவிட இங்க இருக்கறதுதான் உபயோகம்னு புரிஞ்சுக்கிட்டேன். ஒவ்வொண்ணா அனுப்புனேன். ஒவ்வொரு தடவையும், இதோட வான்னு சொல்லுவாருன்னு பாப்பேன். நீங்க அளவு எழுதி அனுப்புவீங்க. இப்ப இருக்கறதையே கேட்டிருக்கீங்க." பொத்தானை மூடிய கையில் வைத்திருந்தாள். "இத அனுப்பட்டுமா, வேண்டாமா?"

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது. "உன் இஷ்டம்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜனவரி 6

அந்த முதல் பட்டியலின் நகல் என் கோப்பில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். 'நீ அங்கே இருப்பது நல்லதாகப் போயிற்று' என்றே இருக்கிறது. பாகங்கள் கிடைக்கும், வண்டி சீக்கிரம் முடியும், நீ வரும்போது ஓடும் என்ற பொருளில் எழுதினேன். அந்த மூன்றையும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஜனவரி 7

கார்புரேட்டர் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

ஜனவரி 11

ஏழு மணிக்குக் கூப்பிடவில்லை. ஆறாவது நாள். நஞ்சப்பன் தினமும், "என்னாலதானுங்க சார், இந்த ஓட்ட வாயி" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். உங்களால் இல்லை என்று சொல்கிறேன். அவர் நம்பவில்லை.

ஜனவரி 14

பொங்கல். சுமித்ரா கூப்பிட்டாள். "அப்பா, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "அதுதான்ப்பா" என்றாள்.

ஜனவரி 19

கண்காட்சி. வ.உ.சி. மைதானம். நாற்பது கார்களுக்கு மேல். எங்களுடையது எல்லாவற்றையும்விடச் சிறியது. அதனால் குழந்தைகள் கூட்டம் எங்களிடம்தான்.

"இது பொம்மைக் காருங்களா?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"ஏனுங்கம்மா, பொம்மை உழவு ஓட்டுமுங்களா?" என்றார் நஞ்சப்பன். "வயல்ல எறக்கினா ஏரு கட்டி உழுகும். வாய்க்கால்ல எறக்கினா மட்டும் கொஞ்சம் அழும்."

பதினொன்றரைக்கு நடுவர்கள். ஒவ்வொரு வண்டியும் மேடைக்கு முன்னால் மெதுவாகப் போக வேண்டும். கிருபாகரன் வில்முடிச்சு டை கட்டியிருந்தார். அவர் மனைவி குட்டைக்கை ரவிக்கையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பக்கத்தில். நான் என் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தேன். இடுப்பில் பொத்தான் சேரவில்லை. நஞ்சப்பனை ஏறி உட்காரச் சொன்னேன். பின்னால் நகர்ந்தார்.

"அது அம்மா ஸீட்டுங்க சார். நா உக்காந்தா நல்லாருக்காது."

"யாராவது உட்கார வேண்டும்."

"வேண்டாமுங்க. காலியாவே போகட்டும். பாக்கறவங்களுக்குப் புரியும்."

காலியாகவே போனேன். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முந்நூறு அடி இருக்கும். எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. பிரேக், விளக்கு, ஹாரன், எல்லாம் சரி. ஆறு வருட வேலை, நான் எண்ணியதைவிட நன்றாகவே இருந்தது. வலப்புறம் பார்க்கக் கூடாது என்று முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மேடைக்கு நேரே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது, அறியாமல், வலப்புறம் திரும்பி, "கேட்டதா?" என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டு.

நடுவர் வண்டி எண் தகட்டைத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் எங்க சார் புடிச்சீங்க? உலகத்துல யாருகிட்டயும் இருக்காதே" என்றார்.

"என் மனைவி தேடிக் கொடுத்தது."

"குடுத்து வெச்சவர் சார் நீங்க. அவங்க எங்க?"

மதிப்பெண் தாளை வாங்கிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். நஞ்சப்பன் போய் வாங்கியிருப்பார். என்ன வந்ததென்று கேட்கவில்லை.

ஜனவரி 20

ஒன்பது முறை எழுதி, எட்டைக் கிழித்தேன். அனுப்பியது:

'சௌந்தரம், வண்டி நேற்று ஓடியது. குறை ஒன்றுமில்லை. எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். நீ அங்கே இருப்பது நல்லதாகப் போயிற்று என்று எழுதியது தவறு. நல்லதாகப் போகவில்லை. ஆறு வருடமும் போகவில்லை. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் வரப் பிடிப்பதில்லை. அளவுகள் எழுதத்தான் எனக்குத் தெரியும். அதனால் அதையே எழுதிக்கொண்டிருந்தேன். நீ வா.'

அனுப்பியதும் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 21

பதில் இல்லை.

ஜனவரி 22

பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜனவரி 23

இல்லை.

ஜனவரி 24

மாலை ஏழு மணி. கூப்பிட்டாள். எடுக்கும்போது போன் இருமுறை நழுவியது.

வீட்டில் இல்லை அவள். கொட்டகை மாதிரி ஓர் இடம். மேல்கோட்டுக்கு மேல் எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரன். பின்னால் மிகச் சிறிய கார் ஒன்று, கதவில்லாமல், மரக்கட்டைகள்மேல் நின்றிருந்தது.

"இது என்ன?"

"கிங் மிட்ஜெட். இந்த ஒஹையோவுலயே செஞ்சது. ஒத்தை சிலிண்டர். ரெண்டு பேரு உக்காரலாம். டோரதி வீட்டுக்காரரு பாதில விட்டுட்டுப் போனது. ஒன்றரை வருசமா நாங்க ரெண்டு பேரும் வேலை பாக்கறோம்."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

"கார் ஓட்டுகிறாயா?"

"லைசென்ஸ் வாங்கி மூணு வருசமாச்சு."

நான் தலையாட்டினேன். தெரியாதது போல ஆட்டினேனா தெரிந்தது போலவா என்று இப்போதும் தெரியவில்லை.

"உங்க மெசேஜ படிச்சேன்," என்றாள். "எத்தனை தடவைன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்கே கெளம்பிடலாமான்னு இருந்துச்சுங்க. பொட்டியக்கூட எறக்கிட்டேன். அப்புறம் இங்க வந்தேன். டோரதிக்குக் கை நடுங்குது. ஸ்குரூவப் புடிக்க முடியல. ஜூலைல மன்றத்துக் கூட்டம். அவ வீட்டுக்காரரு வண்டி ஓடறத அவ ஒருதடவை பாக்கணும். இதப் பாதில போட்டுட்டு வர எனக்கு மனசு இல்ல."

"அப்படியானால் வரவில்லை."

"இப்ப வரல."

வெளியே நஞ்சப்பன் ஏதோ இரும்பை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது.

"நா ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள். "ஆறு வருசமா நீங்க ஒரு வண்டிய வெச்சுட்டு என்ன உக்கார வெச்சீங்க. இப்ப எங்கிட்ட ஒண்ணு இருக்குது. அளவு எழுத ஆளில்ல. நா கண்ணால பாத்துத்தான் செய்யறேன், டோரதி திட்டறா. பக்கத்து ஸீட்டும் காலி. நீங்க வாங்க."

"எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. விமானத்தில்..."

"லிஸ்ட் போடுங்க. அதுதான் உங்களுக்கு வருமே. மொத நம்பர் பாஸ்போர்ட்."

சிரித்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது போல இல்லை இது. கொஞ்சம் அழுகை கலந்தது. நானும் ஏதோ ஒரு சத்தம் செய்தேன்.

ஜனவரி 27

பாஸ்போர்ட் படிவம். எழுபத்திரண்டு வயதில் பிறப்புச் சான்றிதழ் தேடுகிறேன். 'பயண நோக்கம்' என்று எங்காவது கேட்பார்கள், என்ன எழுதுவதென்று நேற்றெல்லாம் யோசித்திருந்தேன். இந்தப் படிவத்தில் கேட்கவே இல்லை. விசாவுக்குக் கேட்பார்களாம். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது. விமானத்தில் காது அடைக்கும் என்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது. நஞ்சப்பன், "போனவங்க எல்லாரும் காதோடதானுங்க திரும்பி வந்திருக்காங்க" என்கிறார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட வேண்டும். அதற்கு மட்டும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதல் நான்கும் எழுதியபடியே நடந்தன. ஐந்தாவது புள்ளி தவறு. வர வேண்டியவள் அவள் என்று எழுதியிருக்கிறேன்.